மெடிக்கல் பில்லின் கடைசி வரி

ஹீட் பிரஸ் வாங்கினவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வெக்கணுமுங்க?" என்பதுதான். அதை வினைல் ரோலின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள் சாமிகளா, கண்ணைத் திறந்து படித்துக்கொள்ளுங்கள். எத்தனை வினாடி, எவ்வளவு அழுத்தம், எல்லாம் அதில் இருக்கிறது. அதில் இல்லாததை எழுதச் சொல்லி, சேலத்தில் மெஷின் விற்கிறவர் ஒரு மாதமாக என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மெஷினோடு சேர்த்து இதையும் கொடுக்கப்போகிறாராம். சும்மா கிடைத்த காகிதம்தானே என்று மடித்து மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

என் கடை ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. சேலத்திலிருந்து நானும் என் புருஷனும் மேலே வந்து ஆரம்பித்த கடை. பனியன், கப், எல்லாவற்றிலும் பேர் போட்டுக் கொடுப்போம். அதிகம் போனது டைல்தான். வினைல் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் எழுத்தை வெட்டி, சமையலறைச் சுவரில் ஒட்டுகிற அதே வெள்ளை டைலில் ஹீட் பிரஸ்ஸின் சூட்டில் அழுத்தி ஒட்டுவோம். வீட்டுப் பேர், புதுசாய்க் கட்டிக்கொண்டு வந்த ஜோடியின் பேர், செத்துப்போன நாயின் பேர்கூடப் போட்டிருக்கிறேன். மூன்றாவது வருஷம் என் புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கீழே போய் யாரோடு இருப்பது என்று தெரியவில்லை, அதனால் மேலேயே இருந்துவிட்டேன்.

சீசன் கூட்டத்தில் தனிமை தெரியாது. மழை மாசத்தில் தெரியும். மூடுபனி கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும், ஆள் ஒருத்தர் வரமாட்டார். சில நாள் சாயந்திரம் ஷட்டரை இறக்கும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று ஞாபகம் வரும். மெஷினோடு பேசியிருக்கிறேன். "என்ன, சூடேறிட்டியா?" என்று கேட்பேன். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒருநாள் வாய்க்கும்.

அந்த மெஷினைக் கழற்றிப் பார்க்க வருஷத்துக்கு ஒருதரம் கீழேயிருந்து ஒரு மெக்கானிக் வருவார். பேர் கேட்டதே இல்லை. அப்போது நான் தொழிலுக்குப் புதிது. ஒரு மார்கழிக் காலையில் அலமாரியில் ஜில்லென்று இருந்த டைலை எடுத்து நேராகச் சூட்டுக்குக் கொடுத்தேன். டப் என்று ஒரு சத்தம். புதுப்பெண் பேர் ஒரு துண்டிலும் மாப்பிள்ளை பேர் இன்னொரு துண்டிலும் நின்றது. அந்தப் பெண்ணுக்கு முகமே செத்துப்போயிற்று. மாமியார்க்காரி கூடவே வந்திருந்தால் நான் அன்றைக்கே கடையை மூடியிருப்பேன். இதைக் கேட்டுவிட்டு அந்த மெக்கானிக் ஸ்குரூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "துணி மன்னிச்சுருமுங்க. டைலு மன்னிக்காது. சூடேத்துறதுலயும் அவசரம் கூடாது, ஆற வெக்கறதுலயும் அவசரம் கூடாது." அதற்கப்புறம் டைலை அரைமணி நேரம் மெஷின் பக்கத்திலேயே வைத்துப் பழக்குவேன். சூடு காட்டினபிறகு, வினைல் எழுத்தைத் தாங்கிவருகிற மேல் ஷீட்டை உரிக்க, கைபொறுக்கிற வரைக்கும் இல்லை, நன்றாக ஆறுகிற வரைக்கும் காத்திருப்பேன். இதெல்லாம் கை கற்றுக்கொள்கிற பாடம். இனிமேல் சொல்லப்போவது வேறு.

ஒரு ஐப்பசி மாசம், காலை பத்து மணி இருக்கும். வாழவந்தி என்கிற மலைக்கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டின ஆள், தலையில் துண்டு, காலெல்லாம் சேறு. அங்கே கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறவர். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். மழையில் நனைந்து நாலாக மடிந்து சுருங்கிப்போயிருந்தது. நீல பேனாவில் நாலு வரி. உப்பு, தேங்காயெண்ணெய், தீப்பெட்டி ரெண்டு. கடைசி வரியில், வெரசா வாங்க. சீக்கிரம் வீடு வந்து சேருங்கள் என்று.

"எங்க ஊட்டுக்காரி எழுதுனதுங்க," என்றார். "தவறிப்போய் ஆறு மாசமாச்சு. இந்தக் கடைசி வரிய மட்டும், அவ எழுதுன மாதிரியே ஒரு டைலுல போட்டுக் குடுக்க முடியுமுங்களா?"

முடியும் என்றேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சீட்டைப் போனில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தை மட்டும் பிரித்து வெட்டும் மெஷினுக்கு அனுப்பினால் அந்தக் கையெழுத்து அப்படியே வினைலாக வந்துவிடும். அவருக்குச் சந்தையில் வேலை இருந்தது. மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தார், என்னை இல்லை, சீட்டை.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். ஏற்காட்டில் மழை மாசத்தில் ஒன்றும் காயாது. எங்களுக்கெல்லாம் ஹீட் பிரஸ்தான் வெயில். ஈரத் தீப்பெட்டியை அதன்மேல் வைப்பேன், காலுறையை வைப்பேன், நமுத்த அப்பளத்தைக்கூட வைத்து எடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், சீட்டைக் காயவைத்துச் சுருக்கத்தை எடுத்துவிட்டுப் படமெடுக்கலாம் என்று கீழ்த்தட்டில் வைத்து மேல்தட்டைத் தொட்டும் தொடாமலும் இறக்கினேன். இரண்டு வினாடி. தூக்கிப் பார்த்தேன். சீட்டு தோசைக்கல் மாதிரி கருப்பாகக் கிடந்தது.

அது மெடிக்கல் ஷாப் பில், அவர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. சூட்டில் எழுத்து விழுகிற காகிதம். பஸ் கண்டக்டர் மெஷினிலிருந்து கிழித்துக் கொடுக்கிறாரே, அதே ரகம். பழைய பில் என்பதால் அச்சு எழுத்தெல்லாம் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. அச்சுக்கு அடியில் காலியாக இருந்த இடத்தில்தான் அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். தொட்டவுடனே வழவழவென்று இருந்தது, விரலுக்குத் தெரிந்தது, புத்திக்குத் தெரியவில்லை. அட பாவி, இத்தனை வருஷம் சூட்டோடு குடித்தனம் நடத்துகிறேன், எந்தக் காகிதம் சூட்டுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? முதலில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

நீலமும் கருப்பும் ஒன்றாகிவிட்டது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். அந்த அம்மாள் பேனாவை நன்றாக அழுத்தி எழுதுகிறவர் போலிருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் பட்டபோது எழுத்து போன பள்ளம் மயிரிழைபோலத் தெரிந்தது. தெரிந்ததும் மறைந்தது. மேஜையோடு மேஜையாக டார்ச்சைப் பிடித்து, நேர் மேலே போனைப் பிடித்து, சுருண்டுகொள்கிற சீட்டையும் அமுக்கிக்கொண்டால் படத்தில் விழும். அதற்கு மூன்று கை வேண்டும். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு முயன்றேன். படம் ஆடியது. புத்தகத்தை அடுக்கி அதன்மேல் டார்ச்சை வைத்தேன், உருண்டு விழுந்தது. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், பத்தடி தூரம்தான். கூப்பிடவில்லை. செய்த காரியத்தை ஒருத்தர் பார்த்துவிடுவாரே என்ற வெட்கம். அதைவிட, யாரையும் கூப்பிட்டுப் பழக்கமே விட்டுப்போயிற்று.

அப்போதுதான் கெட்ட புத்தி வந்தது. காலையில் பார்த்த எழுத்து மனசில் இருந்தது. எனக்குச் சின்ன வயசில் போர்டு எழுதிப் பழக்கம், யார் கையெழுத்தையும் போடுவேன். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வெரசா வாங்க. கோணலாக, அழுத்தமாக, துணைக்காலைக் கீழே நீட்டி. பத்தாவது தடவை எழுதினது அசலாக இருந்தது. அதை வெட்டி, டைலில் ஏற்றி, சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு, "தொலைஞ்சுபோச்சுங்க, ஆனா டைலு ரெடி" என்றால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? கண்ணீரோடு வாங்கிக்கொண்டு போவார். காலமெல்லாம் என் கையெழுத்தைப் பார்த்து அவர் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டிருப்பார். இதை நினைத்ததும் அந்தப் பத்தாவது தாளைக் கிழித்துப் போட்டேன். நல்லவள் என்பதால் கிழித்தேன் என்று நினைக்காதீர்கள், பயந்துதான் கிழித்தேன்.

மத்தியானம் அவர் வந்தார். சீட்டை அவர் கையிலேயே கொடுத்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் குரல் ஏறியது. "ஏனுங்கம்மா, பாத்துச் செய்ய மாட்டீங்களா? ஒரு போட்டா புடிச்சு வெக்கறதுக்கு என்னுங்க கேடு உங்களுக்கு? அவ எழுதுனது ஊட்ல வேற ஒண்ணுமே இல்லீங்க. இது ஒண்ணுதானுங்க இருந்துச்சு!"

நான் தலை குனிந்து நின்றேன். அவர் விருட்டென்று வெளியே போய்விட்டார். எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த கடையின் தகரத்துக்குக் கீழே நின்றார். மூடுபனியில் ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன பண்றதுங்க?" என்றார்.

"ஒரு கை புடிக்கணுமுங்க," என்றேன்.

அவர் டார்ச்சைப் பிடித்தார். நான் சீட்டின் ஓரத்தை அமுக்கிக்கொண்டு போனைப் பிடித்தேன். "இன்னும் கீழங்க. இன்னும் கொஞ்சம். மேசைய ஒட்டி." வெளிச்சம் ஆடியது. அவர் முட்டி போட்டு, முழங்கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். அப்போது போனின் திரையில் 'வெ' எழும்பி வந்தது. பின்னாலேயே ர, சா. அவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தொணைக்காலப் பாருங்க," என்றார். "எப்பவும் அப்புடித்தானுங்க, கீழ் வரி வரைக்கும் இழுத்து உட்ருவா. நாலாவதுதான் படிச்சா."

இருபது முப்பது படம் எடுத்தோம். எல்லாம் கிடைத்தது, கடைசி எழுத்தில் பாதி தவிர. காகிதத்தின் விளிம்பில் பேனா அழுந்தாமல் போயிருந்தது. நான் கேட்டேன், "இந்தப் பாதிய மட்டும் நான் சேத்துரட்டுங்களா? யாருக்கும் தெரியாதுங்க."

"வேண்டாமுங்க. அவ அழுத்துன வரைக்கும் போதும்."

அப்படியே வெட்டினேன். டைலைப் பழக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சூடு காட்டி எடுத்து, பழைய கம்பளித் துண்டில் சுற்றி மேஜைமேல் வைத்தேன். அந்தக் குளிரில் வெறும் மேஜையில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். அவருக்கு மூன்று மணி பஸ் இருந்தது. உரித்துக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பார், எல்லோரும் கேட்பார்கள். சூட்டோடு உரித்தால் எழுத்து ஷீட்டோடு கிளம்பிவந்துவிடும், இன்னொருதரம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. "முக்கால் மணி நேரம் ஆவுமுங்க," என்றேன். "பஸ்ஸு போனா போவுது, அஞ்சு மணிக்கு ஒண்ணு இருக்குது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கடையில் வேலை இல்லாமல் ஒருவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவராகவே பேசினார். "டவுனுக்குப் போறப்பெல்லாம் சீட்டு எழுதிக் குடுப்பாளுங்க. கடைசில இதையும் எழுதுவா. வழியில காட்டெருமை நிக்குமாம், அவளுக்கு நொம்பப் பயம். எத்தனை சீட்டுங்க! சாமான் வாங்குனதும் கடையிலயே போட்டுட்டு வந்துருவேன். இது ஒண்ணு, மேல மாத்திரைப் பேரு அச்சடிச்சு இருந்துதுன்னு சட்டையில வெச்சேன்." மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்தயும் போட்டுட்டு வந்துட்டனுங்க," என்று மறுபடி சொன்னார்.

டைல் ஆறியதும் ஓரத்திலிருந்து ஷீட்டை மெதுவாக உரித்தேன். ஒரு எழுத்துகூடக் கிளம்பவில்லை. வெள்ளை டைலில் கருநீலமாக அந்த அம்மாளின் கையெழுத்து. அவர் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியில், மழை படுகிற இடத்தில் மாட்டவேண்டாம், உள்சுவரில் வையுங்கள் என்று சொன்னேன். தலையாட்டினார். கருத்துப்போன சீட்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது, "கோவத்துல வஞ்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

இதோடு முடித்திருந்தால் நல்ல பாடமாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். முதலில் படம் எடு, பிறகு தொடு. தெரிந்தே பொய்யை ஒட்டாதே. ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை மெஷின் விற்கிறவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

டைல் வேலைக்கு எப்போதும் இரண்டு வெட்டிக்கொள்வோம். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. அவர் போன பிறகு அந்த இரண்டாவது வினைல் மேஜைமேல் கிடந்தது. குப்பையில் போடவேண்டியது. போடவில்லை. இன்னொரு டைலை எடுத்து, துடைத்து, சூடு காட்டி ஒட்டினேன். ஆறுகிற வரைக்கும் தனியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் சாத்தி வைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கே கடையைச் சாத்தினேன். அத்தனை வருஷத்தில் அப்படிச் சாத்தினதே இல்லை. டீக்கடைக்காரர், "என்னுங்க, ஊட்ல விருந்தாளிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேகவேகமாக மேடேறினேன். மூச்சு வாங்கியது. பூட்டைத் திறந்தேன். டைல் இருந்தது. இருட்டு இருந்தது, காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு பெண்பிள்ளை தன் புருஷனைக் கூப்பிட்ட குரலைத் திருடிக்கொண்டுவந்து என்னைக் கூப்பிட வைத்திருக்கிறேனே, எனக்கு என்ன வந்தது என்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வாழவந்தி பஸ் ஏறினேன். பெண்டாட்டி தவறிப்போன காப்பிக்காரர் என்று ஸ்டாப்பில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அவர் காப்பிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டைலில் ஏதோ ஆகிவிட்டதாக்கும் என்று பயந்து உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே, அவர் சட்டையைக் கழற்றி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் அது பத்திரமாக இருந்தது.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "இதும் உங்களுதுங்க. ஒண்ணு அதிகமா வெட்டுனேன். உங்ககிட்டச் சொல்லாம டைலுல ஒட்டி என் ஊட்ல வெச்சுக்கிட்டேன். தப்புங்க."

அவர் டைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்குப்போல நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க ஊட்ல யாருங்க இருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்லீங்க."

துண்டால் டைலைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்களே," என்றார். உள்ளே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

அவர் திருப்பித் தரவில்லை, தரக்கூடாது. கண்ணுகளா, இந்தத் தொழிலில் அடுத்தவர் குழந்தையின் கைரேகை, செத்தவர் எழுத்து, யாரோ யாருக்கோ எழுதின காதல் எல்லாம் உங்கள் கைக்கு வரும், மிச்சம் ஒன்று மேஜைமேல் கிடக்கும். அது உங்களுடையது இல்லை. வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளாதீர்கள். நான் வருஷக்கணக்காக அப்படித்தான் முடிவு பண்ணிக்கொண்டு இருந்தேன். டீக்கடைக்காரரிடம் ஒரு கை பிடிக்கச் சொல்லவில்லை, எதிர்க்கடை தகரத்துக்குக் கீழே நின்றவரைக் கூப்பிடவில்லை.

திரும்பிப் போக பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஸ்டாப்பில் போய் நின்றுகொள்ளலாம் என்று பையை எடுத்தேன். எடுத்த பையைக் கீழே வைத்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருந்தது.

"பஸ்ஸு வர்ற வரைக்கும் இங்கயே சித்த உக்காந்துக்கட்டுங்களா?"

"அதுக்கென்னுங்க," என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலி எடுத்துவர உள்ளே போனார்.